வீடியோவில் வேடிக்கை... தோட்டத்தில் விபரீதம்! கொல்லிமலையும் வெடிக்கும் இலக்குகளும்

செல்போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போனால் இந்த வகை வீடியோ ஒன்றாவது கண்ணில் படும். வெட்டவெளியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. தூரத்தில் ஒருவர் துப்பாக்கியோடு படுத்திருப்பார். ஒரே சுடு. அடுத்த நொடி டப்பா இருந்த இடத்தில் புகையும் புழுதியும் ஆளுயரத்துக்குக் கிளம்பும். பின்னால் கைதட்டலும் சிரிப்பும் கேட்கும். அமெரிக்காவில் விற்கப்படும் 'வெடிக்கும் இலக்கு' இது.

பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால், அடிபட்டதும் வெடிக்கும் இலக்கு என்பது நமக்குப் புதிதல்ல. நம் ஊரில் அதன் பெயர் அவுட்டுக்காய். அங்கே துப்பாக்கிக் குண்டு அதை வெடிக்க வைக்கிறது. இங்கே பசியோடு வரும் ஒரு விலங்கின் பல் வெடிக்க வைக்கிறது. சில நேரங்களில், விவரம் தெரியாத ஒரு குழந்தையின் கையோ வாயோ அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளில் நாட்டுத் துப்பாக்கியும் நாட்டு வெடியும் ஏன் இன்னும் பேசுபொருளாக இருக்கின்றன? ஆபத்து எங்கே இருக்கிறது? கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும்?

வில்லாளி ஆண்ட மலை

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் வருவது கொல்லிமலை. அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி, மிளகு, பலா, அன்னாசி என்று சுற்றுலா வருபவர்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று. நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் மலைக்கிராமங்கள், சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவு நிலங்கள், பழங்குடியினரான மலையாளி மக்களின் உழைப்பு என்று இன்னொரு முகமும் உண்டு.

இந்த மலையின் நாயகன் வல்வில் ஓரி. ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்த வில்லாளி என்று புறநானூற்றில் வன்பரணர் பாடிய கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் இங்கே அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. வில்வித்தைப் போட்டியும் உண்டு.

குறிபார்த்து எய்வது இந்த மலைக்குப் பெருமை. ஆனால், வில் போய்த் துப்பாக்கி வந்த பிறகு அந்தப் பெருமையோடு ஓர் ஆபத்தும் சேர்ந்து வந்துவிட்டது.

பன்றி வந்தால் என்ன செய்வது?

மலை விவசாயியின் பக்கம் நின்று பார்க்காமல் இந்தப் பிரச்னையைப் பேச முடியாது.

மரவள்ளிக் கிழங்கு மண்ணுக்குள் முற்றும் நேரம் காட்டுப்பன்றிக்கும் தெரியும். ஒரு கூட்டம் ஒரே இரவில் இறங்கினால், மாதக்கணக்கில் பாடுபட்ட நிலம் காலையில் உழுது போட்டதுபோலக் கிடக்கும். தின்றது பாதி என்றால் கிளறி வீணாக்கியது மீதி. பரணில் உட்கார்ந்து தகரம் தட்டி, தீ மூட்டி, கத்தி விரட்டுவது பழைய வழி. ஆனால், தினமும் ராத்திரி கண்விழித்துவிட்டு பகலில் வேலையும் பார்ப்பது எத்தனை நாளைக்கு முடியும்?

அந்தக் களைப்பில்தான் சிலர் நாட்டுத் துப்பாக்கியைத் தேடுகிறார்கள். இன்னும் சிலர் அவுட்டுக்காயைத் தேடுகிறார்கள். பயிரைக் காக்க என்று ஆரம்பிப்பது பல இடங்களில் கறிக்கான வேட்டையாகவும் மாறிவிடுகிறது.

நாட்டுத் துப்பாக்கி: முன்னால் ஆபத்து, பின்னாலும் ஆபத்து

நாட்டுத் துப்பாக்கி என்பது பெரும்பாலும் குழல் வாய் வழியாக மருந்தும் ஈயக் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் பழைய வகை. தொழிற்சாலையில் தயாராகும் துப்பாக்கியின் குழல், எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று சோதித்துப் பார்த்த பிறகே விற்பனைக்கு வரும். பட்டறையில் ரகசியமாகச் செய்த துப்பாக்கிக்கு அப்படி எந்தச் சோதனையும் கிடையாது. கையில் கிடைத்த குழாய்தான் குழல்.

மருந்து எரியும்போது உண்டாகும் வாயு ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் பல மடங்கு விரிகிறது. அது வெளியேற ஒரே வழி குழலின் வாய். மருந்து கொஞ்சம் கூடினாலோ, குழலுக்குள் துரு ஏறியிருந்தாலோ, ஏதாவது அடைத்திருந்தாலோ அந்த அழுத்தம் பலவீனமான இடத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அந்த இடம் சுடுபவரின் கைக்கும் கண்ணுக்கும் மிக அருகில் இருக்கிறது.

"நேற்று சரியாகத்தானே சுட்டது?" என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் கொஞ்சம் தேய்கிறது. நூறு முறை தாங்கியது நூற்றியோராவது முறை தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இன்னொரு ஆபத்து, இருட்டு. ராத்திரியில் புதர் அசைந்தால் பன்றி என்று நினைத்துச் சுடுகிறார்கள். புதருக்குப் பின்னால் தன் காட்டைக் காவல் காக்க வந்த பக்கத்து நிலத்துக்காரரும் இருக்கலாம். தமிழக மலைப்பகுதிகளில் இப்படி நடந்த துயரங்கள் குறைவல்ல.

அவுட்டுக்காய்: யாருக்கு வைத்தது, யாரைக் கொன்றது?

துப்பாக்கியாவது ஒருவர் கையில் இருக்கிறது. அவுட்டுக்காய் அப்படியல்ல. வைத்தவர் வீட்டுக்குப் போய்விடுவார். அது மட்டும் காட்டோரத்தில் காத்திருக்கும்.

பழத்துக்குள்ளோ, மாவு உருண்டைக்குள்ளோ, இறைச்சித் துண்டுக்குள்ளோ மறைத்து வைக்கப்படும் இந்த நாட்டு வெடிக்குத் திரியும் தேவையில்லை, தீக்குச்சியும் தேவையில்லை. அழுத்தமும் உரசலுமே போதும். கடித்த விலங்கு பல நேரங்களில் உடனே சாவதில்லை. தாடை கிழிந்து, நாக்கு சிதைந்து, எதையும் தின்ன முடியாமல், தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் நாட்கணக்கில் அலைந்து சாகிறது.

2020 மே மாதம் 27-ம் தேதி கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று வெள்ளியாற்றில் நின்றபடியே உயிரை விட்டது நினைவிருக்கலாம். வெடி வைத்த பழத்தைக் கடித்து வாய் சிதைந்த அந்த யானையின் படம் உலகம் முழுவதும் பரவியது. 2023 மார்ச்சில் கோவை மாவட்டம் காரமடை பகுதியில் வாயில் காயத்தோடு சுற்றிய பெண் யானையை வனத்துறையினர் பிடித்து, டாப்சிலிப் பகுதியில் உள்ள வரகளியாறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். காப்பாற்ற முடியவில்லை. அதுவும் நாட்டு வெடியைக் கடித்த யானைதான்.

யானைக்காக யாரும் வைத்திருக்க மாட்டார்கள். பன்றிக்கு வைத்ததாகவே இருக்கும். ஆனால், எந்த விலங்கின் பல் என்று வெடிக்குத் தெரியாது. மேய்ச்சலுக்குப் போன பசுவும், காவலுக்கு வளர்த்த நாயும் தாடை சிதறிச் செத்த செய்திகள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கின்றன.

தொட்டியம் அருகே நடந்தது

கொல்லிமலைக்குத் தெற்கே, காவிரிக் கரையில் இருக்கிறது திருச்சி மாவட்டத்தின் தொட்டியம் பகுதி. 2020 ஜூன் மாதம் இங்கே ஒரு கிராமத்தில் நடந்ததைப் பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆற்றில் மீன் பிடிப்பதற்காக வாங்கி வந்த வெடியின் ஒரு பகுதி வீட்டில் இருந்தது. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் அதைத் தின்பண்டம் என்று நினைத்து எடுத்துக் கடித்துவிட்டான். வெடித்தது. குழந்தை பிழைக்கவில்லை.

வெடியை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் குழந்தைக்குத் தீங்கு நினைத்தவர்கள் அல்ல. "கொஞ்ச நேரம்தானே", "ஓரமாகத்தானே வைத்திருக்கிறோம்" என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது. காட்டில் பன்றியை ஏமாற்றத் தின்பண்டம்போல வைக்கும் பொருள், வீட்டுக்குள் வந்தால் முதலில் ஏமாறுவது குழந்தைதான்.

வெளிநாட்டு வீடியோ சொல்லாத கதை

"அமெரிக்காவில் கடையில் வைத்து விற்கிறார்களே, அங்கே ஒன்றும் ஆகவில்லையா?" என்று கேட்கலாம். ஆகியிருக்கிறது.

2016-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளைஞர் பழைய புல்வெட்டும் இயந்திரத்துக்குள் இந்த வெடி இலக்கை நிரப்பிச் சுட்டார். சிதறிய உலோகத் துண்டு அவர் காலை முழங்காலுக்குக் கீழே துண்டித்துவிட்டது. உலோகப் பொருளுக்குள் வைக்கவே கூடாது என்பது இந்த இலக்குகளைத் தயாரிப்பவர்களே சொல்லும் எச்சரிக்கை. எதற்குள் வைக்கிறோமோ அதுவே நூறு குண்டுகளாக மாறித் திரும்பி வரும்.

2017 ஏப்ரலில் அரிசோனா மாநிலத்தில் நடந்தது இன்னும் பெரிது. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பதை வண்ணப்பொடி வெடியால் அறிவிக்கும் விருந்து அது. நம் நாட்டில் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதே 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அங்கே அது கொண்டாட்டம். தந்தையாகப் போகிறவர் சுட்டார், இலக்கு வெடித்தது, பக்கத்தில் இருந்த காய்ந்த புல் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ 47,000 ஏக்கர் எரிந்த பிறகே தீ அடங்கியது. 80 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கட்டும்படி நீதிமன்றம் அவருக்கு உத்தரவிட்டது.

கோடையில் காய்ந்த புல்லும் சருகும் கொல்லிமலைச் சரிவிலும் உண்டு. ஒரு பொறி போதும்.

அதுமட்டுமல்ல, அந்த இலக்குகள் தொழிற்சாலையில் அளந்து தயாரானவை. அப்படி இருந்தும் இத்தனை விபத்து. யூடியூபைப் பார்த்து வீட்டுக் கொல்லையில் கலந்து பார்ப்பதில் அந்த அளவு எச்சரிக்கைகூடக் கிடையாது. வேதிப்பொருளில் 'ட்ரை பண்ணிப் பார்ப்போம்' என்பது விரல் இருக்கும்வரைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

• துப்பாக்கி: 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை பொதுவாக 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை. உரிமம் இல்லாமல் தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

• பயிர்ப் பாதுகாப்பு உரிமம்: குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புத் தேவை இருந்தால் உரிமம் கேட்க ஆயுதச் சட்டத்திலேயே இடம் உண்டு. பலருக்குத் தெரியாத விஷயம் இது. ஆனால், அந்த உரிமம் துப்பாக்கி வைத்திருக்கத்தான். விலங்கைக் கொல்ல அது அனுமதி ஆகாது.

• வெடி: 1908-ம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டப்படி, உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து உண்டாக்கும் வகையில் வெடிக்கச் செய்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். சட்டவிரோதமாகச் செய்வதும் வைத்திருப்பதும்கூடக் குற்றமே. வெளிநாட்டு வெடி இலக்குகளில் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட்டுக்கும் 2012 முதல் இந்தியாவில் தனி விதிகள் உண்டு. உரிமம் இல்லாமல் வாங்கவோ சேர்த்துவைக்கவோ முடியாது.

• வேட்டை: 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். யானைபோல முதல் பட்டியலில் உள்ள விலங்கைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

அப்போ பன்றியை யார் தடுப்பது?

2025 ஜனவரியில் தமிழக அரசு சட்டசபையில் இதற்கு ஒரு வழிமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடவோ பிடிக்கவோ அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். எந்த இடத்திலும் விவசாயியே சுட அனுமதி இல்லை.

கொல்லிமலையில் பல ஊர்கள் காப்புக்காட்டை ஒட்டியே இருக்கின்றன. அதனால் '3 கிலோமீட்டருக்கு அப்பால்' என்ற வழி மலைக்கு மேலே வாழ்பவருக்கு அவ்வளவாகக் கைகொடுக்காது. அவர்களுடைய ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. பயிர்ச்சேதத்துக்கான இழப்பீடு சீக்கிரமாகக் கிடைப்பதும், முறையான வேலிக்கு உதவி கிடைப்பதும்தான் அவர்களைத் துப்பாக்கியிலிருந்து விலக்கிவைக்கும்.

விவசாயி தன் பங்குக்குச் செய்யக்கூடியவையும் உண்டு. பயிர் சேதமானால் அன்றே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுக்க வேண்டும். சோலார் வேலி போடுவதாக இருந்தால் 2023-ம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்துவிட்டுப் போட வேண்டும். மின்கம்பத்திலிருந்து நேரடியாகக் கொக்கி போட்டு இழுக்கும் கம்பி, அவுட்டுக்காயைப் போலவே யாரைக் கொல்கிறோம் என்று பார்க்காது.

வீட்டில் பழைய துப்பாக்கி இருந்தால்?

தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை என்று சொல்லும் குடும்பங்கள் மலையில் உண்டு. உரிமம் இல்லையென்றால் அதுவும் குற்றம்தான். உள்ளே பழைய மருந்து கெட்டித்த நிலையிலேயே இருந்தால், விளையாட்டாக எடுக்கும் சிறுவனுக்கு அது எமன்.

கொல்லிமலை உள்ளிட்ட மலைப்பகுதிகளில் காவல்துறை அவ்வப்போது ஊர்ப் பெரியவர்கள் மூலம் அறிவிப்புக் கொடுக்கிறது. தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்பதே அந்த அறிவிப்பின் சாரம். அந்த வாய்ப்பு வரும்போது விட்டுவிடக் கூடாது. அறிவிப்பு இல்லாத நேரமாக இருந்தால், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடக்காமல், ஊர்ப் பெரியவர் ஒருவரையோ வக்கீலையோ அழைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் முதலில் தகவல் சொல்வது நல்லது.

வெடிக்காமலே வெடிக்கும் இலக்கு!

குறிபார்த்துச் சுடும் ஆசை தவறா? நிச்சயமாக இல்லை. அதற்கு ஒலிம்பிக் வரை பாதை இருக்கிறது.

புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக 'டிராப்' பிரிவில் களம் கண்டவர். ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் டிராப் அணியிலும் இருந்தார். இந்த விளையாட்டில் இலக்கு என்பது 11 சென்டிமீட்டர் அகலமும் சுமார் 105 கிராம் எடையும் கொண்ட ஒரு வட்டத் தட்டு. இயந்திரம் அதை வானில் வீசும். வீரர் சுட்டதும் சிதறும்.

இறுதிச் சுற்றில் இன்னும் அழகு. தட்டுக்குள் வண்ணப்பொடி வைத்திருப்பார்கள். குண்டு பட்டதும் புஸ்ஸென்று நிறப் புகை பூக்கும். பார்ப்பவருக்கு வெடித்ததுபோலவே தெரியும். ஆனால், அதில் வெடிமருந்தே கிடையாது. உடைந்து பறப்பது வெறும் பொடி. வீடியோவில் நாம் ரசிக்கும் அதே காட்சி, யாருக்கும் காயமில்லாமல்!

அங்கே காதுக்கும் கண்ணுக்கும் கவசம் உண்டு. சுடும் திசையில் ஆள் நடமாட்டம் கிடையாது. நடுவர் சொல்லாமல் யாரும் துப்பாக்கியில் தோட்டா போட முடியாது. ஆர்வமுள்ள பிள்ளைகளை மாவட்டத் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்த்துவிடலாம். அல்லது ஓரியின் வழியிலேயே வில்வித்தைக்கு அனுப்பலாம்.

கண்ணில் பட்டால்... காயம் பட்டால்...

• காட்டோரத்தில், தோட்டத்தில், அருவிப் பாதையில் நூலோ துணியோ சுற்றிய உருண்டை, சம்பந்தமில்லாத இடத்தில் தனியாகக் கிடக்கும் பழம் அல்லது மாவு உருண்டை தெரிந்தால் தொடாதீர்கள். உதைக்காதீர்கள், கல்லெறியாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

• வந்த வழியே திரும்பி வந்து, மற்றவர்களையும் தடுத்து நிறுத்திவிட்டு 112 அல்லது 100-க்கு அழையுங்கள். அருகில் நின்று செல்ஃபி, வீடியோ வேண்டாம்.

• சுற்றுலா வந்தால் பிள்ளைகளை ஒற்றையடிப் பாதையை விட்டுப் புதருக்குள் ஓட விடாதீர்கள். நாயைக் கூட்டி வந்தால் கயிற்றோடு வைத்திருங்கள்.

• "கீழே கிடப்பதை எடுத்துத் தின்னக் கூடாது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, "எடுத்துப் பார்க்கவும் கூடாது, பெரியவர்களைக் கூப்பிடு" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

• கையில் காயம் என்றால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, 108-க்கு அழையுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம்.

• விரல் துண்டானால் ஈரத் துணியில் சுற்றி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது.

• கண்ணில் எதாவது குத்தியிருந்தால் தேய்க்கவோ பிடுங்கவோ கூடாது. கண்ணை அழுத்தாமல் ஒரு காகிதக் கப்பால் மூடி மருத்துவமனைக்கு விரையுங்கள்.

மலைக்கு மேல் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோதான் இறங்க வேண்டும். நடுவில் வளைவுகள். ரத்தம் கொட்டும் கையோடு அந்தப் பாதை ரொம்ப நீளம்.

ஓரியின் அம்பு யாரைத் துளைக்கும் என்பது எய்யும் முன்பே அவனுக்குத் தெரியும். புதைத்துவைத்த வெடிக்கு அது தெரியாது, வைத்தவருக்கும் தெரியாது. பரணில் பழைய துப்பாக்கியோ, கொட்டகையில் ஒரு வெடியோ இருக்கிறது என்று இதைப் படிக்கும்போது யாருக்காவது நினைவு வந்தால், பிள்ளைகள் அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் காவல் நிலையத்துக்குத் தகவல் போய்விடட்டும்.